மத்தியதரைக் கடலில் முதல் க்ரூஸ்: கேள்விகளும் என் பதில்களும்

மத்தியதரைக் கடலில் ஆறு முறை கப்பலில் போய் வந்திருக்கிறேன். மேற்குப் பக்கம் மூன்று, கிழக்கில் இரண்டு, இத்தாலிக்கும் குரோஷியாவுக்கும் நடுவே உள்ள அட்ரியாடிக் கடலில் ஒன்று. முதல் தடவை போகப்போகிறவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கப்பல் கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எந்தக் கப்பலை எடுப்பது?

கப்பலை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த வழியில் போகிறது, ஒவ்வொரு துறைமுகத்திலும் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பாருங்கள். மத்தியதரைக் கடலுக்குப் போவதே கரையில் இருப்பவற்றைப் பார்க்கத்தான். நீர்ச்சறுக்கும் நாடக அரங்கும் எந்தக் கடலில் போகும் கப்பலிலும் கிடைக்கும்.

விளம்பரத்தில் "ரோம்" என்று இருக்கும். கப்பல் நிற்பதோ சிவிடவெக்கியாவில். ரோமுக்கு அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்று வையுங்கள். இறங்கி வெளியே வர முக்கால் மணி நேரம். துறைமுக பஸ் பிடித்து, ரயில் நிலையம் போய், ரயிலேறி ரோமில் இறங்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டுமானால் மூன்று மணிக்கே ரோமை விட்டுக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் ரோமுக்கு மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம். "ஃப்ளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ அல்லது லா ஸ்பெசியா. அங்கும் இதே கதைதான். ஆனால் நேப்பிள்ஸில் ஊரின் நடுவிலேயே இறங்குவீர்கள். மால்டாவின் வலெட்டாவிலும் மாண்டினீக்ரோவின் கோட்டோரிலும் இறங்கினால் பழைய ஊர் எதிரிலேயே இருக்கும்.

பிடித்த இரண்டு மூன்று வழிகளை எடுத்துத் தாளில் இப்படிக் கணக்குப் போடுங்கள். எதை எடுப்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

கேள்வி: மேற்கா, கிழக்கா?

பெரிய நகரங்கள், ஓவியம், கட்டடக்கலை பிடிக்கும் என்றால் மேற்கு: பார்சிலோனா, மார்சே, ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், பலெர்மோ. தீவும் நீலக்கடலும் பழங்கால இடிபாடுகளும் வேண்டும் என்றால் கிழக்கு: ஏதென்ஸ், சாண்டோரினி, ரோட்ஸ், துருக்கியில் குஷாடாசி. குஷாடாசியிலிருந்து பழங்கால நகரமான எபேசஸின் இடிபாடுகள் சுமார் 20 கிலோமீட்டர்தான். அங்குள்ள செல்சஸ் நூலகத்தின் முகப்பு முன்னால் காலை எட்டரைக்கே நிற்கலாம்.

இரண்டிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அட்ரியாடிக் பக்கம் யோசியுங்கள். முதல் பயணத்துக்கு என் சிபாரிசு அதுதான். மாண்டினீக்ரோவில் கோட்டோர் விரிகுடாவுக்குள் கப்பல் நுழைவது பெரும்பாலும் அதிகாலையில். ஐந்தரைக்கு அலாரம் வைத்து மேல் தளத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர, தண்ணீர் அசைவே இல்லாமல் கிடந்தது. பெராஸ்ட் ஊருக்கு எதிரே இரண்டு குட்டித் தீவுகள், ஒன்றில் நீலக் கூரை போட்ட தேவாலயம். அதைக் கப்பல் மெதுவாகக் கடக்கும்போது மேல் தளத்தில் ஐம்பது பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று தூங்கிப் போனவர்கள் காலைச் சாப்பாட்டில் எங்களிடம் படம் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

கேள்வி: வெனிஸில் கிளம்பும் கப்பல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். புனித மாற்கு சதுக்கத்தை ஒட்டியே கப்பல் போகும் என்கிறார்களே?

அது பழைய செய்தி. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தச் சதுக்கத்தை ஒட்டிய கால்வாய் வழியாகப் போகக்கூடாது. இப்போது "வெனிஸ்" என்று விற்கப்படும் பயணங்களில் சில மார்கெரா என்ற தொழிற்சாலைத் துறைமுகத்திலிருந்தும், சில ட்ரியெஸ்தே அல்லது ரவென்னாவிலிருந்தும் கிளம்புகின்றன. ட்ரியெஸ்தேவிலிருந்து வெனிஸ் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரைப் பார்க்காமல் விமானத்தை முன்பதிவு செய்யாதீர்கள். வெனிஸ் பார்க்க ஆசை இருந்தால் கப்பலேறும் முன்பு ஒரு இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். பகலில் வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு அந்த ஊர் வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: எந்த மாதம்?

மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்பதால் விலையும் கூட்டமும் அதிகம், இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள பாம்பே (Pompeii) இடிபாடுகளில் நிழலே கிடைக்காது. அதே மாதங்களில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று பலமாக அடிக்கும். அது வீசினால் சின்னத் தீவுகளில் நிற்காமல் கப்பல் தாண்டிப் போவதும் உண்டு.

கேள்வி: விசா விஷயம் குழப்பமாக இருக்கிறது. ஒரே ஷெங்கன் விசா போதுமா?

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அந்த விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உங்களுடையது என்றால், வழியில் ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடு வருகிறதா என்று முதலில் பாருங்கள். துருக்கி, மாண்டினீக்ரோ இரண்டும் வெளியே. குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து உள்ளே. கப்பல் குஷாடாசி போய்விட்டு மீண்டும் கிரீஸுக்கு வருகிறது என்றால் நீங்கள் இரண்டாம் முறை ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா அதற்குப் போதாது. பலமுறை நுழையும் விசாவே கேளுங்கள். கப்பல் டிக்கெட்டையும் துறைமுக அட்டவணையையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். துருக்கிக்கு உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்றும் பலர் கேட்டிருந்தீர்கள். அதிக நாட்கள் இருக்கப்போகும் நாட்டின் தூதரகத்தில். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் தூதரகத்தில். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும், ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் போகாதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும். பால்கனி அறை எடுத்தால் சரியாகிவிடுமா?

பால்கனியை விட அறை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கப்பலின் நீளத்துக்கு நடுவில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையும் உச்சித் தளமும் வேண்டாம். "எந்த அறை கிடைத்தாலும் சரி" என்று விலை குறைத்துத் தரும் சலுகையை நீங்கள் எடுக்காதீர்கள், அறையை நீங்களே தேர்ந்தெடுங்கள். கோடையில் இந்தக் கடல் பெரும்பாலும் சாதுவானது. பிரான்ஸுக்குத் தெற்கே லயன் வளைகுடாவில் மிஸ்ட்ரல் காற்று அடித்தால் மட்டும் ஒரு இரவு ஆட்டும். மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு: பணம் இறுக்கம் என்றால் ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்தது தெரியாது. டிவியில் கப்பல் முகப்புக் கேமரா காட்டும் சேனல் இருந்தால் இரவெல்லாம் ஒலியில்லாமல் ஓடவிடுங்கள். மிச்சமான பணத்தைக் கரையில் செலவழிக்கலாம்.

கேள்வி: கரையில் சுற்றக் கப்பல்காரர்களின் டூர் எடுக்க வேண்டுமா? விலை யானை விலையாக இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் வேண்டாம். துறைமுகத்திலிருந்து தூரமான ஊருக்கு மட்டும் எடுங்கள். அவர்களுடைய டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போன உங்களுக்காகக் காத்திருக்காது. அந்தக் கூடுதல் விலை அந்த நிம்மதிக்குத்தான். நேப்பிள்ஸிலிருந்து பாம்பே போக ரயில் இருக்கிறது, முக்கால் மணி நேரம் கூட ஆகாது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறினால் ஊருக்கு நடுவில் மொனாஸ்டிராக்கி நிலையத்தில் இறங்கலாம். அங்கே குன்றின் மேல் பழங்காலக் கோயில்கள் உள்ள அக்ரோபோலிஸுக்கு இப்போது நேரம் குறித்த டிக்கெட், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வாத்திகன் அருங்காட்சியகத்துக்கு மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் விடுமுறை. ஃப்ளோரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. உங்கள் கப்பல் என்ன கிழமை அங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இதை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரு துறைமுகம், ஒரு இடம். என் முதல் பயணத்தில் லிவோர்னோவில் இறங்கி, ஒரே நாளில் பீசாவும் ஃப்ளோரன்ஸும் என்று ஒரு டூர் எடுத்தேன். பீசாவில் நாற்பது நிமிடம். ஃப்ளோரன்ஸில் பேராலயத்தைச் சுற்றி வரிசை வளைந்து நின்றது, உள்ளே போக நேரமில்லை. வெளிச்சுவரின் பச்சை வெள்ளைப் பளிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலைதான். அடுத்த முறை அதே லிவோர்னோவில் ஃப்ளோரன்ஸ் மட்டும் போனேன். ஆர்னோ ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடக்கூட நேரம் இருந்தது.

கேள்வி: சாண்டோரினியில் ஏழு மணி நேரம் நிற்கும். ஓயா, ஃபிரா, கடற்கரை மூன்றும் முடியுமா?

முடியாது தம்பி. அங்கே கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது, கடலில் நங்கூரம் போட்டு டெண்டர் படகில் இறக்குவார்கள். படகு விடும் இடத்திலிருந்து செங்குத்தான பாறையில் ஏறினால்தான் ஃபிரா. ஒன்று கேபிள் கார், இல்லை கிட்டத்தட்ட 600 படிகள். அதே படிகளில் கழுதைகளும் ஏறி இறங்கும், சாணத்தில் வழுக்கும். இரண்டு மூன்று கப்பல் ஒன்றாக வந்த நாளில் கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அதுவும் திரும்பும்போது மோசம். நெரிசலுக்காகவே ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். ஓயா வேண்டுமா, அதற்கு மட்டும் போங்கள். இல்லை என்றால் ஃபிராவிலிருந்து ஃபிரோஸ்டெஃபானி வரை பாறை விளிம்போடு நடந்துவிட்டு வாருங்கள். எரிமலைப் பள்ளம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் விரியும். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே கேபிள் கார் வரிசையில் நில்லுங்கள். இன்னொன்று, 2025 ஜூலையிலிருந்து கிரீஸ் கப்பல் பயணிகளிடம் வரி வாங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் தலைக்கு 20 யூரோ, மற்ற துறைமுகங்களில் 5.

கேள்வி: டிக்கெட் விலைக்கு மேல் இன்னும் என்னென்ன பிடுங்குவார்கள்?

தினமும் தலைக்கு ஒரு சேவைக் கட்டணம் தானாக ஏறும், அதைப் பயணத்தின் விலையோடு சேர்த்தே பாருங்கள். பானங்கள், வைஃபை, தனி உணவகங்கள், துறைமுகத்திலிருந்து ஊருக்கு விடும் பஸ், சலவை எல்லாம் தனி. பானப் பேக்கேஜ் எடுத்தால் அதே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்று பல கப்பல்களில் விதி. எம்எஸ்சி, கோஸ்டா கம்பெனிகளின் கப்பல்களில் கணக்கு யூரோவில் ஓடும், அமெரிக்கக் கப்பல்களில் டாலரில். அப்புறம் போன்: கப்பல் கரையை விட்டதும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கடலில் செயற்கைக்கோள் வழியாக ரோமிங் பிடித்துக்கொண்டால் பில் பயங்கரமாக வரும்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. படிக்கட்டே ஆகாது. அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலையே இல்லாமல் ஊர் ஊராகப் போகலாம் என்பதால், முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல பயணம் எனக்குத் தெரியாது. டெண்டர் படகுத் துறைமுகங்கள் குறைவாக உள்ள வழியாகப் பாருங்கள். அலை இருந்தால் சக்கர நாற்காலியைப் படகில் ஏற்ற மறுப்பார்கள். வலெட்டாவில் துறைமுகத்திலிருந்து மேலே உள்ள பரக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் உண்டு. நண்பகலுக்கு முன் போனால் அங்கே பீரங்கி முழங்குவதைப் பார்க்கலாம். அக்ரோபோலிஸிலும் நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். பாம்பேயில் சக்கர நாற்காலிக்கென ஒரு பாதை உண்டு. கோட்டோரின் பழைய ஊர் சமதளம். கோட்டைக்கு மட்டும் ஏறாதீர்கள், ஆயிரத்துக்கு மேல் படிகள். சக்கர நாற்காலி நுழையும் அறை வேண்டும் என்றால் சீக்கிரமே பதிவு செய்யுங்கள், கப்பலுக்கு எண்ணிச் சில அறைகளே இருக்கும்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏறிய முதல் மாலை உணவக மேலாளரைப் பார்த்து முட்டை, மீன் குழம்புச்சாறு எதுவும் கூடாது என்று வாயாலும் சொல்லுங்கள். மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, வேண்டியதைச் செய்து தருவார்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை? தனியாகப் பயணம்?

பல கப்பல்களில் ஆறு மாதம் முடிந்த குழந்தையை ஏற்றுவார்கள், ஆனால் குழந்தைகள் கிளப் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்துதான். தனியாகப் போகிறவர்களுக்கு விலைதான் சிக்கல்: அறை இருவருக்கென்று கணக்கிடப்படுவதால் ஏறக்குறைய இரண்டு பேர் காசு ஆகும். ஒற்றை ஆள் அறை உள்ள கப்பலாகத் தேடுங்கள்.

கேள்வி: கப்பலை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் நீங்களே போய்ச் சேர வேண்டும். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜெண்டின் போன் எண் இருக்கும், இறங்கும் முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். இன்னொரு ஆபத்து கடிகாரம். இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். உங்கள் போன் தானாக மாறும், கப்பல் மாறியிருக்காமலும் இருக்கலாம். கப்பல் நேரத்துக்கு ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பல் கிளம்பும் அன்று காலையில் விமானத்தில் போய் இறங்கலாமா?

கூடாது. ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். கடைசி நாளுக்கும் ஒன்று: முந்தின இரவே பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், அவை நேராகக் கரைக்குப் போய்விடும். மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.