வேர்ட்பிரஸில் பிடிஎஃப் கோப்பைப் புதுப்பித்த பின்னும் இணைப்புகள் பழையதையே திறப்பது ஏன்?

கட்டண அட்டவணையின் புதிய பதிப்பை அதே பெயரில் பதிவேற்றியும் பக்கங்களில் பழையதே திறக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ், ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் புதியதை எழுதுவதில்லை என்பதே காரணம். இயல்பான அமைப்பில் கோப்புகள் ஆண்டு, மாதம் வாரியான கோப்புறைகளில் சேர்கின்றன. அதே மாதத்தில் அதே பெயரில் ஒன்று இருந்தால் புதியதன் பெயரோடு '-1' ஒட்டப்படுகிறது, மாதம் மாறியிருந்தாலோ அது வேறு கோப்புறைக்கே போய்விடுகிறது. எப்படியும் கோப்பின் இணைய முகவரி மாறிவிடுகிறது. பக்கத்தில் பதிந்துள்ள பழைய முகவரியோ தானாக மாறுவதில்லை.

பழைய கோப்பை ஊடக நூலகத்திலிருந்து நீக்குவது தீர்வாகாது, ஏனெனில் அதைச் சுட்டும் இணைப்புகள் அப்படியே இருந்து, சொடுக்குபவருக்குக் கோப்பு இல்லை என்னும் 404 பிழையைத்தான் காட்டும். முகவரியை மாற்றாமல் கோப்பை மட்டும் மாற்றித் தரும் செருகுநிரல்கள் (வேர்ட்பிரஸில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்கள்) உள்ளன. உடனடித் தேவைக்கு அவை போதும், ஆனால் மாற்றிய பிறகு பழைய கோப்பின் நகல் தங்கியிருக்கக்கூடிய தற்காலிகச் சேமிப்பை (cache) நீக்க மறக்காதீர்கள்.

நான் உறுதியாகப் பரிந்துரைப்பது வேறொரு முறை. அடிக்கடி மாறும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனிப் பக்கம் ஒன்றை உருவாக்கி, தளத்தின் மற்ற இடங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு மட்டுமே இணைப்புக் கொடுத்தால், கோப்பு எத்தனை முறை மாறினாலும் திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான். மின்னஞ்சலில் அனுப்பிய அந்தப் பக்கத்தின் இணைப்புகளும் பிழைத்திருக்கும்.

கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால், முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் (எழுத்தைக் கணினியில் குறிக்கும் எண்) 9 எழுத்துகளாக விரிந்துவிடக்கூடும். அதனால் ரோமன் எழுத்தில் சுருக்கமாகவும், ஆண்டைச் சேர்க்காமலும் பெயரிடுங்கள்.