கையால் செய்து கற்கும் வடிவமைப்புப் படிப்பு

காரைக்குடியில் பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகளுக்கு, வரைவதோடு நில்லாமல் மண், மரம், உலோகம் ஆகியவற்றைக் கையாண்டு வடிவமைக்கக் கற்றுத்தரும் படிப்பு எது என்று கேட்டிருக்கிறீர்கள். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் 4 ஆண்டு இளநிலைப் படிப்பு அத்தகையது. நுழைவுத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் செய்முறைப் பகுதியும் உண்டு. அதற்குப் பயிற்சி வகுப்பைவிட, கையால் தரைக்கற்கள் செய்யும் ஆத்தங்குடியே நல்ல இடம் என்பேன். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அச்சின் அறைகளுக்குள் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவுகிறார்கள். அத்தூள்தான் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் சாந்து நிரப்பி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கல்லின் பளபளப்பு மெருகேற்றி வருவதன்று (நேரில் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை); கண்ணாடியின் வழவழப்பே அதில் பதிந்துவிடுகிறது.