மருதாணிக் காசு

அன்புள்ள அக்கா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். மகளுக்கு 13 வயது. கோடை விடுமுறையில் தெருவில் கல்யாணம், காதுகுத்து என்றால் மெஹந்தி போட்டுவிடப் போனாள். ஒரு கைக்கு 100 ரூபாய். 1,800 ரூபாய் சேர்ந்தது. ஒரே வாரத்தில் 650 ரூபாயைக் கண்டதற்கும் செலவழித்துவிட்டாள். மீதியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்காரர், ‘பொட்டப் பிள்ளைக்கு இந்த வயசுல காசு ருசி காட்டாதே, படிப்பு கெடும்’ என்கிறார். மீதிப் பணத்தை நகைச்சீட்டில் போடலாமா, செல்வமகள் திட்டத்தில் போடலாமா? பிள்ளைக்குச் சிக்கனத்தை எப்படிச் சொல்லித் தருவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போன வாரம் பெரியம்மாவின் திதிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இந்தக் காசு விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

வீட்டுக்காரர் சொன்னதை விடுங்கள். அதே வயதுப் பையன் பேப்பர் போட்டுச் சம்பாதித்தால் ‘பொறுப்பான பிள்ளை’ என்பார். செல்வமகள் கணக்கைப் 10 வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும், உங்கள் மகளுக்கு இனி முடியாது. நகைச்சீட்டு நீங்கள் அவளுக்காகக் கட்டுவது. உங்கள் சம்பளத்தில் கட்டுங்கள், யார் தடுத்தார்கள்?

என்னைச் சுருக்கென்று தைத்தது வேறு ஒரு வரி. ‘மீதியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.’ எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! குனிந்த கழுத்து நிமிராமல் மணிக்கணக்கில் கோன் பிடித்தது அவள். வாங்கி வைத்துக்கொள்ள நீங்கள் யாரம்மா?

பெரியம்மா எங்கள் கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்டவர். முந்திரிக் கொட்டை உடைப்பதுதான் வேலை. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்காக விரலில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து வழவழவென்று ஆகிவிட்டது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதைப் பெரியப்பா கையில் கொடுக்கும்போது பத்து, இருபதைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். அரிசிப் பானைக்கு அடியில், துணியில் முடிந்து, சிறுவாடு.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததே, அப்போது எங்கள் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வீட்டில் யாருக்கும் வேலை இல்லை. பெரியம்மா தன் முடிச்சைத்தான் அவிழ்த்தார். ஆனால் சொன்னது, ‘மேலத்தெருவுல கைமாத்து வாங்கியாந்தேன்.’ வீடு கொஞ்சம் நிமிர்ந்ததும் அந்தக் ‘கடனை’ அடைக்க வேண்டும் என்று பெரியப்பாவிடம் மாதாமாதம் கறாராக வசூல் செய்து, மறுபடி பானைக்கு அடியில் வைத்தார். வட்டியோடு! இந்தச் சாமர்த்தியம் எந்த மேனேஜருக்கு வரும்? பெண்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். பெரியம்மாவிடம் 38,500 ரூபாய் இருந்தது, அத்தனையும் ஐந்நூறு. தன் பேரில் ஒரு கணக்கு தொடங்கலாம் என்று யாருக்கும் தெரியாமல்தான் போனார். ரேகை வைக்கச் சொன்னார்கள். முந்திரி எண்ணெய் தின்ற விரல், திரும்பத் திரும்ப வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்று அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் கடைசி வரைதான் கெடு. வேறு வழியில்லாமல் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. பணம் அவர் கணக்குக்குப் போனது. தை மாதம் வாசலில் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் நின்றது.

‘துட்டு போனா போவட்டும்மா. நான் வச்சிருந்தன்னு தெரிஞ்சிபோச்சே’ என்றார் என்னிடம். அதன் பிறகு வீட்டில் எதற்குக் கை கடித்தாலும், ‘உங்கிட்ட இருக்குமே, எடு’ என்பது பெரியப்பாவின் வாடிக்கையாகிவிட்டது.

சிக்கனத்தை எப்படிச் சொல்லித் தருவது என்றா கேட்கிறீர்கள்? நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? பிறந்ததிலிருந்து அதைத்தானே பார்க்கிறார்கள். தன் காசைத் தன் பேரில், நாலு பேர் அறிய வைத்துக்கொள்வதும், தனக்கு வேண்டியதைக் கூசாமல் வாங்குவதும்தான் நாம் சொல்லித் தராதவை. நீங்கள் அந்த 1,150 ரூபாயைப் பிடுங்கிய அன்றைக்கு உங்கள் மகள் ஒரு பாடம் படித்திருப்பாள். அடுத்த விடுமுறையில் 2,000 வந்தால் ‘1,200தாம்மா வந்துச்சு’ என்பாள். மிச்சத்தை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து வைப்பாள். பெரியம்மாவாவது கட்டிக்கொண்டவருக்குப் பயந்து ஒளித்தார். உங்கள் பிள்ளை பெற்ற தாய்க்குப் பயந்து ஒளிக்கப் போகிறாள்.

இது பட்டிக்காட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊரை ஆண்டார்களே பிரெஞ்சுக்காரர்கள், அவர்கள் நாட்டிலேயே கட்டிய பெண் புருஷன் சம்மதமில்லாமல் வங்கிக் கணக்கு தொடங்க 1965 ஜூலையில்தான் சட்டம் வந்தது. இங்கே தமிழ்நாட்டில் 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்குக்கே வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை தேவனாம்பட்டினத்துக்குப் படிக்க வருகிறாள். அவளுடைய ஏடிஎம் கார்டு அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். அவர் கெட்டவர் இல்லை. ‘பத்திரமா வச்சிருக்கேன்’ என்கிறார், உங்களைப் போலவே.

650 ரூபாய் போனது போகட்டும். நாளைக்குத் தீபாவளிச் சீட்டுக்காரர் கம்பி நீட்டும்போது விழிப்பதைவிட, இன்றைக்கு ஏதோ வாங்கி இரண்டு நாளில் அது உடைந்து விழிக்கட்டும். கோபமெல்லாம் அவளுக்கே வரும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். முழங்கை வரை போட்டுக்கொண்டு, ‘நம்ம வீட்டுப் பொண்ணுதானே’ என்று ஒரு குல்பி ஐஸோடு அனுப்பிவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் காசு கேட்க அவளுக்கு வாய் வந்ததா? கேட்டிருந்தால் நீங்களே ‘சும்மா இரு, அவங்க என்ன நினைப்பாங்க’ என்று அடக்கியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். கோன் வாங்கிய காசு உங்களுடையது என்றால் அதைத் தாராளமாகத் திருப்பிக் கேளுங்கள். கோனுக்கு இவ்வளவு, கைக்கு இத்தனை நேரம் என்று அவளே ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். 1,800 முழுவதும் லாபம் இல்லை என்று அப்போது தெரியும். 100 ரூபாய் கட்டுமா, 150 கேட்க வேண்டுமா என்றும் தெரியும்.

10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் பேரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்துத் தாங்களே நடத்தலாம் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லிவிட்டது. அஞ்சலகத்திலும் உண்டு, 500 ரூபாய் இருந்தால் போதும். முதலில் 1,150 ரூபாயை அவள் கையில் கொடுங்கள். அப்புறம் ரங்கப்பிள்ளை தெரு அஞ்சலகத்துக்குக் கூட்டிப்போங்கள். படிவத்தை அவளே நிரப்பட்டும். தப்பாக எழுதினால் இன்னொரு படிவம் வாங்கிக் கொடுங்கள், பேனாவைப் பிடுங்காதீர்கள். 500 போடுகிறாளா, மொத்தத்தையும் போடுகிறாளா, அது அவள் பாடு. பாஸ்புக்கை உங்கள் பீரோவில் வைக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா,
மஞ்சக்குப்பம், கடலூர்