பாமினியிலேயே வேலை நடக்கிறதே, யூனிகோடுக்கு ஏன் மாற வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: யாழ்ப்பாணத்தில் பல அச்சகங்களும் அலுவலகங்களும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தமிழ் அடிக்கின்றன. அதில் வேலை நடக்கும்போது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொல்வது வீண் பிடிவாதம் இல்லையா?

இல்லை என்பதுதான் என் பதில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸுக்குக் கிட்ட, 18 வருடமாக ரைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். அதில் முதல் 10 வருடமும் பாமினியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அந்த எழுத்துருவில் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அதனால் எது முடியாது என்பது போன வருடம்தான் முழுதாக விளங்கியது.

கனடாவில் இருக்கும் ஒரு பிள்ளை வட்ஸ்அப்பில் அழைத்தார். அவருடைய அம்மம்மாவின் கல்வெட்டை 2009இல் நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலருக்குக் கல்வெட்டு என்றுதான் பெயர். தேவாரம், திருவாசகத்தோடு, இறந்தவர் எங்கே பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற விபரமெல்லாம் அதில் வரும். அந்த அம்மம்மாவின் கல்வெட்டில் 1995 இடப்பெயர்வின்போது குடும்பம் எந்தெந்த ஊரில் தங்கியது என்பதுகூட இரண்டு பக்கத்துக்கு இருந்தது. பேத்தியிடம் புத்தகம் இல்லை. எழுத்தாக அனுப்பினால் தன் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கலாம் என்றார்.

பழைய சீடியில் கோப்பு இருந்தது. திறந்து, முழுவதையும் கொப்பி பண்ணி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணா, இது என்ன, ஒரே இங்கிலிஷ் எழுத்தாக் கிடக்கு?"

அவர் சொன்னது சரி. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அதன் பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கிற கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் ஜே கே பி ஓ தான். யூனிகோட் அப்படி இல்லை. அதில் ‘த’ என்ற எழுத்துக்கென்றே ஓர் எண் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு அங்கே இடம் இருக்கிறது. எழுத்துரு மாறினாலும் அந்த எண் மாறாது. ஆகவே ‘வேலை நடக்கிறது’ என்பது கடுதாசியில் அச்சாகி வெளியே வரும் வரைக்கும்தான் உண்மை.

பாமினி ஏன் இங்கே இவ்வளவு ஊன்றியது என்பதையும் சொல்ல வேண்டும், அதைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஒரு ஃபிளொப்பியில் கொண்டு வந்து போட்டால் அடுத்த நிமிடமே தமிழ் அடிக்கலாம். இணையம் வேண்டாம், புதிய விண்டோஸ் வேண்டாம். தெற்கோடு எங்களை இணைக்கும் ஏ9 வீதியை 2006இல் பூட்டிய பிறகு ஒரு கணினிப் பாகம் வருவதற்கே கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. அத்தோடு அச்சகங்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருந்தன. அதற்கு யூனிகோட் தமிழை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டத் தெரியாது, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதற்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் தமிழ் சரியாக வந்ததே 2012க்குப் பிறகுதான். அதுவரை மாறாமல் இருந்த அச்சகக்காரரில் நான் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காரணம் தீர்ந்து இப்போது 10 வருடத்துக்கு மேலாகிறது.

என் மனதை மாற்றிய இன்னொரு ஆள் கடைக்கு வருகிற ஒரு மாணவர். அவருக்குக் கண் பார்வை இல்லை. மடிக்கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்திருக்கிறார், தமிழையும் அது வாசிக்கும். ஓர் அலுவலகம் இணையத்தில் போட்டிருந்த விண்ணப்ப அறிவித்தலை ஒருநாள் அதில் ஓட விட்டார். நாலு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வாசித்துக்கொண்டே போனது. திகதிகள் மட்டும் விளங்கின, ஏனென்றால் பாமினியிலும் இலக்கங்கள் இலக்கங்களாகவே இருக்கும். "என்ன தகைமை கேக்கினம் எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை" என்றார். பட்டதாரி அவர். தன் மொழியில், தன் கணினியில் இருக்கிற அறிவித்தலை அறிய இன்னொருவரின் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது. பாமினியில் அடித்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது.

யூனிகோட் இடத்தைத் தின்கிறது என்று ஒரு நண்பர் எப்போதும் வாதாடுவார். கணக்குச் சரிதான். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் பாமினியில் 11 பைட், வழக்கமான யூனிகோட் சேமிப்பில் 33 பைட். ஆனால் கையிலிருக்கும் போனில் எடுக்கிற ஒரு படமே சில மெகாபைட் வருகிறது. அந்த இடத்துக்குள் கல்வெட்டுகள் அடுக்கடுக்காகப் போகும். இதை ஒரு காரணம் என்று இனியும் சொல்லக்கூடாது.

"விரல் பழகிவிட்டது" என்பதுதான் உண்மையான தடை. அங்கேதான் பலருக்கு ஒரு விடயம் தெரியாமல் இருக்கிறது: எழுத்துரு வேறு, விசைப்பலகை வேறு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்யுங்கள். அதே விரல், அதே விசை, அதே வேகம், பதிவாவது மட்டும் யூனிகோட். என் கடையில் பல வருடம் ரைப் அடித்த அக்கா ஒருவர் ஒரே கிழமையில் மாறினார். கணினித் தமிழுக்கான இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1326 கூட, பழைய தட்டெழுத்து அமைப்பை ஒட்டிய ரங்கநாதன் விசைப்பலகையைத்தான் வைத்திருக்கிறது. தட்டெழுத்துப் பழகியவர்களுக்கு அது புதிது இல்லை.

பழைய கோப்புகளை மாற்றுவது இதைவிடக் கொஞ்சம் கடினம். சுரதா யாழ்வாணன் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பெரிய உதவி. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாமினியில் ‘ள’வுக்கும் ‘கௌ’வின் பின்பகுதிக்கும் ஒரே விசை. அது எது என்று மாற்றும் மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். கௌரியும் கௌசல்யாவும் இல்லாத குடும்பம் எங்கள் ஊரில் குறைவு, அந்தப் பெயர்களில்தான் பிழை வருகிறது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடினால் அகப்படாது.

யூனிகோடுக்கு மாறியவுடன் எல்லாம் தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு கோயிலின் உபயகாரர் பட்டியலை யூனிகோடில் செய்தோம், பாதி நான், பாதி கடைப் பொடியன். பிறகு ‘ஸ்ரீ’யில் தொடங்கும் பெயர்களைத் தேடினால் பாதிதான் வந்தன. அவன் ‘ஸ’வில் தொடங்கி அடித்திருக்கிறான், என் விசைப்பலகை 2005இல் சேர்த்த ‘ஶ’வைப் போட்டிருக்கிறது. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒரே ஸ்ரீ. ஸ்ரீதரன்களும் ஸ்ரீஸ்கந்தராஜாக்களும் நிறைந்த ஊரில், ஓர் ஆளின் காணிப் பதிவோ மருத்துவப் பதிவோ இப்படித் தவறிப்போனால் என்ன ஆகும் என்று அன்றிரவு யோசித்தேன். அதனால்தான் இதை ஆளாளுக்கு விருப்பப்படி விடாமல் அரசு கையில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. 2008இல் எழுத்துத் தரமும் வந்துவிட்டது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. இவ்வளவும் இருக்க, ஓர் அலுவலகம் தேடமுடியாத, வாசிக்கமுடியாத தமிழை இணையத்தில் போட்டுவிட்டுத் ‘தமிழிலும் கொடுத்துவிட்டோம்’ என்று சொல்ல அனுமதிக்கக்கூடாது. சிங்களத்திலும் இதே பழைய எழுத்துருச் சிக்கல் உண்டு, ஆகவே இது தமிழருக்கு மட்டும் கேட்கிற சலுகையும் இல்லை. சோதனை மிக எளிது: பிடிஎப்பிலிருந்து ஒரு வரியைக் கொப்பி பண்ணி ஒரு போனுக்கு அனுப்புங்கள். தமிழ் வந்தால் அந்த ஆவணத்தை ஏற்றுக்கொள்ளலாம், வராவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். அச்சு வேலைக்கு விலைமனுக் கோரும்போதே, புத்தகத்தோடு யூனிகோட் கோப்பும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் எங்களைப் போன்ற கடைகள் ஒரு வருடத்துக்குள் மாறிவிடும். காசு கிடைக்கிற பக்கம் தொழில் போகும், எனக்கு அது நன்றாகத் தெரியும்.

1981இல் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போன ஊர் இது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் எங்கள் பழைய புத்தகங்கள், பத்திரிகைகள், நினைவு மலர்களை எல்லாம் ஸ்கேன் செய்து சேர்த்துவைக்கிறது. அந்த உழைப்புக்குக் கைகூப்பலாம். ஆனால் எங்கள் கடைகளில் கணினியிலேயே பிறந்த எழுத்தைக் கடுதாசியாக்கி, அதைப் பிறகு யாரோ ஒருவர் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அந்தப் படத்திலிருந்து திரும்பவும் எழுத்தைப் பிரிக்கப் படாதபாடு படுவது என்னால் தாங்கமுடியாத வீண் வேலை.

அந்தக் கனடாப் பிள்ளையின் கல்வெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மாற்ற 5 நிமிடம், திருத்த இரண்டு மணித்தியாலம். பெயர்களைச் சரிபார்க்க வீட்டில் மூத்தவர் ஒருவர் தேவை என்று சொன்னேன், சாவகச்சேரியில் இருக்கும் தன் பெரியம்மாவை அழைப்பில் சேர்த்தார். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, பெரியம்மா ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேத்தி அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டார். 2009இல் அச்சான கல்வெட்டில் இல்லாத 11 பெயர்கள் இப்போது அந்தக் கோப்பில் இருக்கின்றன.