சொட்டுநீரும் மல்ச்சிங் ஷீட்டும் (பாத்தி மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) சேர்த்துப் போட்டால் குறைந்த தண்ணீரில் காய்கறி எடுக்க முடியுமா? எப்படிப் போடுவது, எங்கே தவறு நடக்கும்?

முடியும். ஆனால் ஷீட் போட்டுவிட்டு, வாய்க்கால் பாசனத்தில் விட்ட அதே கணக்கில் மோட்டாரை ஓடவிட்டால் தண்ணீரும் மிச்சமாகாது, செடியும் வேரழுகிப் போகும். மூடிய மண்ணிலிருந்து ஆவியாவது மிகக் குறைவு. நேரத்தைக் குறைத்தால்தான் மிச்சம்.

முதலில் கிணற்றின் தண்ணீர் வரத்தை அளந்துகொள்ளுங்கள். பாத்திக்குப் பாத்தி ஒன்றரை மீட்டர், பாத்திக்கு ஒரு லேட்டரல் (பாத்தி நெடுக ஓடும் சிறு குழாய்), 40 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் (அதில் நீர் சொட்டும் வாய்), டிரிப்பருக்கு மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தால், ஒரு ஏக்கரில் சுமார் 2,700 மீட்டர் லேட்டரலும் 6,700 டிரிப்பர்களும் வரும். மொத்த நிலமும் ஒரே நேரத்தில் ஓட மணிக்கு ஏறத்தாழ 13,500 லிட்டர் வேண்டும். அவ்வளவு வராவிட்டால் வால்வு வைத்து இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து ஓட்டுங்கள். மோட்டார் திறனுக்கு மீறி எல்லா வால்வையும் திறந்தால் கடைசி வரிசை காயும். ஷீட்டுக்கு அடியில் நடப்பதால் செடி வாடிய பிறகுதான் தெரியும்.

மணல் கலந்த மண்ணில் தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிடும். அங்கே 30 செ.மீ. இடைவெளி டிரிப்பர் எடுத்து, ஒரு நாளைக்குரிய நீரைக் காலை, மாலை என்று பிரித்து விடுவது நல்லது. களிமண்ணில் நீர் பக்கவாட்டில் பரவும், 40 முதல் 50 செ.மீ. போதும்.

இனி பாத்தி. அடியுரம் முழுவதும் ஷீட் போடும் முன்பே மண்ணில் சேர்ந்துவிட வேண்டும், பிறகு வழியில்லை. ஏக்கருக்கு 8 முதல் 10 டன் மக்கிய தொழுவுரம் போட்டு உழுது, 80 முதல் 90 செ.மீ. மேல் அகலமும் 15 முதல் 20 செ.மீ. உயரமும் உள்ள மேட்டுப்பாத்தி எடுங்கள். கட்டிகளை உடைத்து மேற்பரப்பைச் சமமாக்குவதில் சோம்பல் வேண்டாம். ஷீட் மண்ணோடு ஒட்டிப் படியாத இடத்தில் சூடான காற்று தேங்கி, நாற்று நடும் துளை வழியே வெளியேறும்போது இளம் தண்டைக் கருக்கிவிடும். நாற்று நட்டு மூன்று நான்கு நாளில் தண்டு துளை விளிம்பில் நூல் போல இளைத்துச் சாய்ந்தால் நோய் என்று மருந்தடிக்கும் முன் இதைப் பாருங்கள். நட்டதும் துளையைச் சுற்றி ஒரு கைப்பிடி மண் போட்டு மூடினாலே இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லேட்டரலை டிரிப்பர் வாய் மேலே பார்க்கும்படி வையுங்கள். கீழே பார்த்தால் கசடு வாயில் தங்கும். வெயிலில் குழாய் நீளும் என்பதால் இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வாக விட்டு, அங்கங்கே ஊக்கு குத்துங்கள். பிறகு எண்ட் கேப்பை (குழாய் முனை மூடி) திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிவிட்டு மூடவும். ஷீட் விரிக்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வரிசையின் முதல், நடு, கடைசி டிரிப்பருக்கு அடியில் ஒரு டம்ளர் வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 100 மி.லி. வர வேண்டும். முதலுக்கும் கடைசிக்கும் 10 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அழுத்தத்தைச் சரிசெய்யாமல் மூடாதீர்கள்.

காய்கறிக்கு 25 முதல் 30 மைக்ரான் தடிமன் ஷீட் சரி. அகலம், பாத்தியின் மேலும் பக்கமும் மூடி இரு ஓரமும் புதைய இடம் விடும்படி இருக்கட்டும். வெள்ளி நிறப் பக்கம் மேலே, கறுப்பு கீழே. வெள்ளி ஒளியைத் திருப்பிவிடுவதால் மண் அதிகம் சூடாகாது, அசுவினியும் வெள்ளை ஈயும் இளஞ்செடியில் இறங்குவது குறையும். கறுப்பு களையை முளைக்கவிடாது. பாத்தியை நனைத்து, காற்று அடங்கிய காலையில் விரித்து, இரு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைக்கவும். துளை 5 செ.மீ. வட்டமாக இருக்கட்டும். கத்தியால் குறுக்காகக் கிழித்தால் கிழிசல் காற்றில் ஆடித் தண்டை உரசும். துளை டிரிப்பருக்கு நேர் மேலே வராமல் 8, 10 செ.மீ. தள்ளி வருவது நல்லது, தண்டின் அடி எப்போதும் ஈரமாகக் கிடக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? மேலே சொன்ன அமைப்பில் ஒரு மணி நேரம் ஓடினால் 3.3 மி.மீ. மழைக்குச் சமம். நாளுக்கு, நாற்று வேர் பிடித்த பிறகு 15, 20 நிமிடம், காய்ப்பில் ஒரு மணி, கடும் வெயிலில் ஒன்றரை மணி வரை என்று தொடங்கலாம். அதன்பின் கடிகாரத்தை விட உங்கள் கையை நம்புங்கள். துளை வழியே விரலை விட்டு ஒரு விரல் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் அதிகம். உருண்டையாகி, கட்டைவிரலால் தட்டினால் உடைந்தால் சரி. உருண்டையே ஆகாவிட்டால் குறைவு. (மணல் மண் உருண்டையாகாது, அங்கே கையில் ஈரம் ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.) நண்பகலில் இலை துவண்டது என்று உடனே வால்வைத் திறக்காதீர்கள், மாலையில் நிமிர்ந்தால் தண்ணீர்க் குறை இல்லை.

அடைப்புதான் பெரிய தொல்லை. ஆழ்குழாய்த் தண்ணீருக்கு 120 மெஷ் ஸ்கிரீன் ஃபில்டர் (நுண்ணிய வலை வடிகட்டி) போதும், குளம், குட்டைத் தண்ணீருக்குப் பாசி வருவதால் மணல் ஃபில்டரும் வேண்டும். டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணாம்பு. அமிலம் கலந்த நீரைச் செலுத்தி, சில மணி நேரம் நிறுத்திவைத்துக் கழுவலாம். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. பாசிக்குக் குளோரின் விட்ட அன்று அமிலம் விடவே கூடாது, நச்சுப் புகை கிளம்பும்.

உரம் விடும்போது முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசி 15 நிமிடம் மீண்டும் வெறும் தண்ணீர். கால்சியம் நைட்ரேட்டை சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கலந்தால் கட்டிதட்டி மொத்த வரிசையையும் அடைத்துவிடும். தனி நாளில் விடுங்கள்.

அறுவடை முடிந்ததும் செடியைத் தரையோடு வெட்டிவிட்டு, ஓர மண்ணைத் தளர்த்தி ஷீட்டைச் சுருட்டி எடுங்கள். துண்டுகளை மண்ணோடு உழுதுவிட்டால் அடுத்த பயிரின் வேருக்குத் தடையாகக் கிடக்கும். லேட்டரலைக் கழுவி, இரு முனையையும் அடைத்துச் சுருட்டி நிழலில், எலி எட்டாத உயரத்தில் மாட்டவும்.