அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் (பெரும்பாலும் பகுதிநேரமாகப் பணிசெய்யும் படைப்பிரிவு) 20 வருடம் முடித்தவருக்கு எந்த வயதில் பென்ஷன் வரும்?

பொதுவாக 60 வயதில். முழுநேரக் கடற்படையில் 20 வருடம் முடித்தவருக்கு ஓய்வு பெற்றதுமே பென்ஷன் தொடங்கிவிடும். ரிசர்வில் 42 வயதில் 20 வருடத்தை முடித்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த வயதைக் குறைக்க ஒரு வழி உண்டு, பலர் அதைத்தான் கோட்டை விடுகிறார்கள். 2008 ஜனவரி 28-க்குப் பிறகு, ரிசர்வில் இருந்தபடி ஆணையின் பேரில் செய்த முழுநேரப் பணியில் ஒவ்வொரு 90 நாளுக்கும் 3 மாதம் குறையும். 50-க்குக் கீழே போகாது. 90 முழுசாக நிறைய வேண்டும்: 179 நாளுக்கு 3 மாதம், 180 நாளுக்கு 6 மாதம். ஆரம்பத்தில் அந்த 90 நாளும் ஒரே நிதியாண்டுக்குள் (அக்டோபர் முதல் செப்டம்பர் வரை) வர வேண்டும் என்றிருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளம்பி நவம்பர் முடிவில் திரும்பியவருக்கு, நான்கு மாதம் கப்பலில் இருந்தும் ஒரு நாள்கூடக் குறையவில்லை. 2014 அக்டோபர் 1-லிருந்து அடுத்தடுத்த இரண்டு நிதியாண்டு நாட்களைச் சேர்த்து எண்ணலாம். உங்கள் பணி ஆணையில் எந்தச் சட்டப்பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 12301(டி), 12302 என்றால் கணக்கில் வரும். 10147-இன் கீழ் செய்யும் கட்டாய ஆண்டுப் பயிற்சி வராது. ஆணைகளின் நகல் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். பென்ஷன் 57-இல் தொடங்கினாலும் ஓய்வுபெற்றோருக்கான டிரைகேர் மருத்துவ வசதி 60-இல்தான்.

20 வருடம் என்பது காலண்டர் கணக்கல்ல. ஆண்டுக்கு 50 பாயின்ட் எடுத்தால்தான் அது 'குட் இயர்', அதாவது 20-இல் சேரும் வருடம். உறுப்பினராக இருப்பதற்கே 15, நான்கு மணி நேர ட்ரில்லுக்கு (பயிற்சிக்கு) 1, முழுநேரப் பணியில் நாளுக்கு 1. அந்த ஆண்டு உங்கள் சேர்க்கைத் தேதியிலிருந்து ஓடும், ஜனவரியிலிருந்து அல்ல. 49-இல் நின்றால் பாயின்ட் தொகைக் கணக்கில் இருக்கும், வருடம் போய்விடும்.

தொகை: மொத்த பாயின்ட்டை 360-ஆல் வகுத்து 2.5 சதவீதத்தால் பெருக்குங்கள். 3,600 பாயின்ட் என்றால் 25 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 5,000 டாலர் என்றால் மாதம் 1,250. 2018-லிருந்து சேர்ந்தவர்களுக்கு 2.5-க்குப் பதில் 2 சதவீதம்.

20 முடிந்ததும் தகுதிக் கடிதம் வரும். கூடவே வரும் குடும்பப் பென்ஷன் படிவத்தை 90 நாளுக்குள் நிரப்பி அனுப்புங்கள். பிறகு முழு விடுவிப்பு (படையிலிருந்து முற்றிலும் விலகுவது) கேட்காமல், பென்ஷனுக்குக் காத்திருப்போரின் பிரிவான 'ரிட்டயர்டு ரிசர்வு'க்கு மாறுங்கள். விடுவிப்பு வாங்கினால் அன்றைய சம்பளத்தோடு கணக்கு நின்றுவிடும். மாறினால் பென்ஷன் தொடங்கும் காலத்துச் சம்பள அட்டவணைப்படி போடுவார்கள். இடையில் வீடு மாறினால் முகவரியைத் தெரிவியுங்கள். பென்ஷன் தானாக வராது, தகுதி வயதுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.