ஹெடர் ஃபைலை எங்கே வைப்பது: கெர்னல் டிரைவர் கேள்வி பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் லினக்ஸ் டிரைவரில் கை வைக்க ஆரம்பித்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஹெடர் ஃபைல் (பல .சி ஃபைல்கள் பகிரும் அறிவிப்புகள் இருக்கும் .எச் ஃபைல்) தொடர்பானவை மட்டும் இங்கே. பலரும் ஒரே மாதிரி டிரைவரைத்தான் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்: வாய்க்கால் மடையில் நீர்மட்டம் படிக்கும் ஐ-டூ-சி (இரண்டு கம்பி இணைப்பு) சென்சார், கூடவே ஷட்டர் மோட்டார். அதற்கு ‘மடை’ என்று பெயர் வைத்து, எல்லாப் பதிலுக்கும் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

மன்னார்குடி: அண்ணே, மடை.எச் ஃபைலை இன்க்ளூட்/லினக்ஸ் உள்ளே போட்டிருக்கேன். ரிவ்யூவில் ‘இது ஏன் இங்கே’ன்னு கேட்கிறாங்க. மத்த ஹெடர் எல்லாம் அங்கேதானே இருக்கு?

அந்த ஹெடரை யார் யார் இன்க்ளூட் செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மேல் டைரக்டரியில் நின்று ‘கிட் கிரெப் மைனஸ் எல்’ போட்டு மடை.எச் என்று தேடினால் பட்டியல் வந்துவிடும். வரும் ஃபைல்கள் எல்லாம் ஒரே டிரைவர் டைரக்டரிக்குள் இருந்தால் ஹெடரும் அங்கேயே இருக்க வேண்டும். கோண அடைப்புக்குறியை எடுத்துவிட்டு இரட்டை மேற்கோளில் இன்க்ளூட் செய்யுங்கள். கம்பைலர் முதலில் அந்த .சி ஃபைல் இருக்கும் டைரக்டரியில்தான் தேடும்.

வேறு சப்சிஸ்டத்தில் (கெர்னலின் வேறொரு பிரிவில்) இருக்கும் டிரைவர் உங்கள் ஃபங்ஷனை அழைத்தால்தான் இன்க்ளூட்/லினக்ஸ். அப்போதும் முழு ஹெடரையும் அங்கே தூக்கிப் போட வேண்டாம். வெளியே இருப்பவருக்குத் தேவைப்படும் இரண்டு மூன்று ஃபங்ஷன் அறிவிப்புகள் மட்டும் மேலே போகட்டும். ரெஜிஸ்டர் முகவரி, பிட் மாஸ்க், உள் ஸ்ட்ரக்ட் எல்லாம் டிரைவர் பக்கத்திலேயே இருக்கட்டும். ரெஜிஸ்டர் மேப்பை ஊருக்கெல்லாம் திறந்து வைத்தால் நாளைக்கு யாரோ அதை நேரடியாகத் தொடுவார்கள். பிறகு உங்களால் மாற்ற முடியாது.

திருவாரூர்: ஒரு ஹெடரில் ஒரே ஒரு மேக்ரோ சேர்த்தேன். ஆயிரக்கணக்கான ஃபைல் திரும்ப கம்பைல் ஆகுது. ஏன்?

கல்லணையில் ஒரு ஷட்டரைத் தொட்டால் கடைமடை வரை தெரியும். வயல் மடையைத் தொட்டால் அந்த வயலுக்கு மட்டும்தான். நீங்கள் தொட்டது கல்லணை.

ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைல் பக்கத்திலும் புள்ளியில் தொடங்கும் ஒரு .சிஎம்டி ஃபைல் மறைந்திருக்கும். அந்த ஆப்ஜெக்ட் எந்தெந்த ஹெடரை நம்பி உருவானது என்று முழுப் பட்டியல் அதில் இருக்கும். மடை.ஓ-வுக்கான .சிஎம்டி ஃபைலைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியது பத்து இன்க்ளூட், அங்கே இருப்பது நூற்றுக்கணக்கில். மடை.ஐ என்று டார்கெட் கொடுத்து மேக் ஓட்டினால் பிரீபிராசஸ் ஆன முழு உருவமும் கிடைக்கும். வரிகளை எண்ணினால் திகைத்துப் போவீர்கள்.

கெர்னல் முழுக்க இருக்கும் சிக்கல்தான் இது. கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் 2022 ஜனவரியில் 2200-க்கும் மேற்பட்ட கமிட்டுகளாக ஒரு ‘வேக ஹெடர்’ மரத்தையே (முழு சோர்ஸ் கோட் தொகுப்பையே) வெளியிட்டார். பில்ட் வேகம் 50 முதல் 80 சதவீதம் கூடும் என்று கணக்கும் கொடுத்தார். அந்த மரம் அப்படியே மெயின்லைனுக்குள் (அதிகாரபூர்வக் கெர்னலுக்குள்) போகவில்லை. துண்டு துண்டாக, சப்சிஸ்டம் வாரியாகத்தான் இந்த வேலை நடக்கிறது.

பாபநாசம்: எந்த இன்க்ளூட் தேவை, எது தேவையில்லை என்று எப்படி முடிவு செய்வது? ஒவ்வொன்றாக நீக்கி கம்பைல் ஆகுதா என்று பார்க்கிறேன். சரிதானா?

தவறு. ரொம்பப் பேர் செய்யும் தவறும் இதுதான். ஒரு இன்க்ளூடை நீக்கியும் கம்பைல் ஆனால் ‘அது தேவையில்லை’ என்று அர்த்தமில்லை. வேறொரு ஹெடர் வழியாக அது உள்ளே வந்துகொண்டிருக்கலாம். கெர்னலின் விதி நேரானது: எந்த வசதியைப் பயன்படுத்துகிறீர்களோ, அதை அறிவிக்கும் ஹெடரை நீங்களே இன்க்ளூட் செய்யுங்கள், அடுத்தவர் கொண்டுவருவார் என்று நம்பாதீர்கள். கேஇசட்அல்லாக் அழைத்தால் ஸ்லாப்.எச், ரீட்எல் அழைத்தால் லினக்ஸ்/ஐஓ.எச். எக்ஸ்86-இல் தற்செயலாக உள்ளே வந்துவிடுவது வேறொரு ஆர்க்கிடெக்சரில் வராது. ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’ என்று பில்ட் நின்றுவிடும்.

.சி ஃபைலுக்கு இது போதும். ஹெடருக்குள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். மடை ஸ்ட்ரக்டையே எடுத்துக்கொள்வோம். நான்கு உறுப்புகள்: ஐ-டூ-சி கிளையன்ட் பாயின்டர், ஒரு மியூட்டெக்ஸ், நீர்மட்டத்தை அவ்வப்போது படிக்க ஒரு டிலேய்டு ஒர்க், மில்லிமீட்டரில் மட்டம் வைக்க ஒரு யு32.

முதலாவது வெறும் பாயின்டர். பாயின்டரின் அளவு கம்பைலருக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ஆகவே ஐ-டூ-சி.எச் வேண்டாம். ‘ஸ்ட்ரக்ட் ஐ-டூ-சி கிளையன்ட்’ என்று ஒரு வரி முன்னறிவிப்பு போதும். மியூட்டெக்ஸும் ஒர்க்கும் பாயின்டர் அல்ல, ஸ்ட்ரக்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அளவு தெரிந்தே ஆக வேண்டும். முன்பெல்லாம் மியூட்டெக்ஸ்.எச், ஒர்க்கியூ.எச் இரண்டையும் முழுதாக இழுக்க வேண்டியிருந்தது. கெர்னல் 6.8-இலிருந்து, வகையை மட்டும் சொல்லும் மியூட்டெக்ஸ்_டைப்ஸ்.எச், ஒர்க்கியூ_டைப்ஸ்.எச் வந்துவிட்டன. மியூட்டெக்ஸுக்கு ஹெடரில் அதன் டைப்ஸ் ஃபைல் போதும், முழு மியூட்டெக்ஸ்.எச் .சி ஃபைலுக்குப் போகட்டும். ஒர்க்கியூ_டைப்ஸ்.எச்-இல் சாதா ஒர்க் மட்டும்தான் இருக்கிறது. டிலேய்டு ஒர்க்கின் வடிவம் ஒர்க்கியூ.எச்-இலேயே இருப்பதால் அதை முழுதாக இழுத்தே ஆக வேண்டும். யு32-க்கு டைப்ஸ்.எச்.

முன்னறிவிப்பை மறந்துவிட்டு ஃபங்ஷன் அறிவிப்பில் மட்டும் அந்த ஸ்ட்ரக்ட் பெயரை எழுதினால் ‘பாராமீட்டர் பட்டியலுக்குள் அறிவிக்கப்பட்டது, வெளியே தெரியாது’ என்று கம்பைலர் எச்சரிக்கும். வெறும் எச்சரிக்கைதானே என்று விடாதீர்கள். அந்த ஸ்ட்ரக்ட் வேறு, நீங்கள் பிறகு கொடுக்கும் ஸ்ட்ரக்ட் வேறு என்றுதான் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் ‘பாயின்டர் வகை பொருந்தவில்லை’ என்ற புகாரைப் பார்த்தால் இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஹெடருக்குள் இன்லைன் ஃபங்ஷன் இருந்து, அது அந்தப் பாயின்டருக்குள் அம்புக்குறி போட்டு எதையாவது படித்தால் முன்னறிவிப்பு பலிக்காது. ‘அன்டிஃபைன்டு டைப்’ என்று பிழை வரும். அதற்காக ஹெடரைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். ஃபங்ஷனை .சி ஃபைலுக்கு மாற்றி, தேவையானால் எக்ஸ்போர்ட்_சிம்பல்_ஜிபிஎல் கொடுங்கள். நொடிக்கு ஒரு தடவை நீர்மட்டம் படிக்கும் இடத்தில் இன்லைன் மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை.

கும்பகோணம்: ஃபைலை நகர்த்தும்போது பேட்ச் முழுக்க நீக்கம், சேர்ப்பு என்று நீளமாக வருது. ரிவ்யூ பண்றவர் படிக்க மாட்டேங்கிறார்.

அவர் மீது தப்பில்லை சார். நகர்த்துவதையும் திருத்துவதையும் ஒரே பேட்ச்சில் கலந்திருப்பீர்கள். ‘கிட் எம்வி’ போட்டு நகர்த்தி, இன்க்ளூட் வரிகளை மட்டும் மாற்றி ஒரு கமிட். உள்ளே சுத்தம் செய்வது அடுத்த கமிட். ஃபார்மேட்-பேட்ச் எடுக்கும்போது மைனஸ் எம் கொடுங்கள். பழையதும் புதியதும் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் கிட் அதைப் பெயர் மாற்றமாகக் காட்டும். ஐந்நூறு வரி பேட்ச் பத்து வரியாகச் சுருங்கும்.

ஹெடர் காவல் மேக்ரோவையும் (ஒரே ஹெடர் இரண்டு முறை உள்ளே போகாமல் தடுப்பது) புதுப் பாதைக்கேற்ப மாற்றுங்கள். பழைய ஹெடரிலிருந்து ஒரு பகுதியை வெட்டிப் புது ஹெடர் செய்பவர்கள் காவல் மேக்ரோவையும் அப்படியே நகல் எடுத்துவிடுவார்கள். அப்புறம் எது முதலில் வந்ததோ அது மட்டும் உள்ளே போகும், இரண்டாவது சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழை வேறெங்கோ, ‘தெரியாத வகைப் பெயர்’ என்று வரும்.

மயிலாடுதுறை: கம்பைல் எல்லாம் சரியாக ஆச்சு. ஆனாலும் எதையோ விட்டுட்டேன்னு சொல்றாங்க.

.சி ஃபைலில் மட்டும் தேடியிருப்பீர்கள். ஹெடரின் பாதை வேறு இடங்களிலும் எழுதப்பட்டிருக்கும். எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் ஃபைலில் பாதைகளைத் தரும் ‘எஃப்’ வரிகள் இருக்கின்றன. கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை ‘செல்ஃப்-டெஸ்ட்=பேட்டர்ன்ஸ்’ என்று ஓட்டினால் செத்துப்போன பாதைகளைச் சொல்லிவிடும். டாக்குமென்டேஷனில் கெர்னல்-டாக் வரிகள் ஹெடரைப் பாதையோடு அழைக்கும். டிரேஸ் நிகழ்வுகளை (ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்பவை) வரையறுக்கும் ஹெடராக இருந்தால் அதற்குள் டிரேஸ்_இன்க்ளூட்_பாத் என்று ஒன்று உண்டு. அந்தப் பாதை டிஃபைன்_டிரேஸ்.எச் இருக்கும் இன்க்ளூட்/டிரேஸிலிருந்து கணக்கிடப்படுவது, உங்கள் டைரக்டரியிலிருந்து அல்ல. அங்கே புள்ளி மட்டும் வைத்திருந்தால் மேக்ஃபைலில் அந்த ஆப்ஜெக்டுக்கு ‘மைனஸ் ஐ’ கொடுத்து டைரக்டரியைக் காட்ட வேண்டும்.

டிடி-பைண்டிங்ஸ் ஹெடர் என்றால் கூடுதல் கவனம். அதை டிரைவரும் படிக்கும், டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன வன்பொருள் என்று சொல்லும் பட்டியல்) ஃபைலும் படிக்கும். ஆர்ச் உள்ளே இருக்கும் டிடிஎஸ் ஃபைல்களிலும் தேடுங்கள். அந்த ஹெடரில் மேக்ரோ தவிர எனம் (எண்களுக்குப் பெயர் வைக்கும் வகை), ஸ்ட்ரக்ட் எதுவும் நுழையக் கூடாது. எண்களையும் மாற்றக் கூடாது. வயலில் ஏற்கெனவே நிற்கும் போர்டில் பழைய எண்ணோடு ட்ரீ பதிக்கப்பட்டிருக்கும்.

வேதாரண்யம்: யூஏபிஐ டைரக்டரியில் இருக்கும் ஹெடரை உள்ளே இழுக்கலாமா?

கூடாது. 2012-இல் 3.7 பதிப்பில் கெர்னல் டெவலப்பர் டேவிட் ஹவல்ஸ் யூஸர் பக்கத்துக்கான (கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்களுக்கான) ஹெடர்களைப் பிரித்து இன்க்ளூட்/யூஏபிஐ என்று தனியே வைத்ததே, எது வெளியே கொடுத்த வாக்கு, எது வீட்டு விஷயம் என்று தெரியத்தான். அங்கே போனது திரும்பாது. அதில் யு32 எழுதாமல் இரட்டை அடிக்கோடு போட்ட யு32 எழுதுங்கள், லைசென்ஸ் வரியில் ‘சிஸ்கால் நோட்’ விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கான்ஃபிக்_யூஏபிஐ_ஹெடர்_டெஸ்ட் போட்டால் ஒவ்வொரு ஹெடரும் தனியே கம்பைல் ஆகிறதா என்று சோதிக்கும்.

நாகப்பட்டினம்: மடை டிரைவரை மாட்யூலாகப் போட்டா லிங்க் ஆக மாட்டேங்குது. பில்ட்-இன் போட்டா சரியாயிடுது.

ஹெடரில் இஸ்_எனேபிள்டு வைத்து, இல்லாதபோது ‘ஈநோடெவ்’ (சாதனம் இல்லை) என்று திருப்பும் ஸ்டப் (வெற்று ஃபங்ஷன்) எழுதியிருப்பீர்கள். மடை மாட்யூல், அதை அழைப்பவர் பில்ட்-இன் என்றால் இஸ்_எனேபிள்டு ‘ஆம்’ என்றே சொல்லும். ஆனால் பில்ட்-இன் கோட் மாட்யூலுக்குள் இருப்பதை எட்ட முடியாது, ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ வரும். அழைப்பவரின் கேகான்ஃபிக்கில் (கெர்னல் தேர்வுகளை எழுதும் ஃபைலில்) ‘டிபெண்ட்ஸ் ஆன் மடை அல்லது மடை இல்லை’ என்ற வடிவத்தில் எழுதுங்கள். படிக்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மடை மாட்யூலானால் அழைப்பவரும் மாட்யூலாகத்தான் முடியும் என்பதே அதன் பொருள். இஸ்_ரீச்சபிள் போட்டும் தப்பிக்கலாம். ஆனால் அது வேலை செய்யாத ஸ்டப்பை ஓசையின்றி நுழைத்துவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. ஸ்டப் ஒவ்வொன்றும் ‘ஸ்டாட்டிக் இன்லைன்’ என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். விட்டுப்போனால் ஒரே ஃபங்ஷன் பல இடத்தில் என்று லிங்கர் சண்டை போடும்.

திருத்துறைப்பூண்டி: என்னிடம் 8 ஜிபி லேப்டாப்தான். கரண்டும் போய்ப் போய் வருது. எல்லா ஆர்க்கிடெக்சரும் எப்படி டெஸ்ட் பண்றது?

எல்லாம் வேண்டாம். எக்ஸ்86-64, ஆர்ம்64, கூடவே 32 பிட்டுக்கு ஒரு ஆர்ம். ஒவ்வொன்றுக்கும் ‘ஓ=’ கொடுத்துத் தனி டைரக்டரி வையுங்கள், ஒன்றின் பில்ட் மற்றொன்றைக் கெடுக்காது. ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்ததையெல்லாம் மாட்யூலாக்கும் கான்ஃபிக்) போட்டுவிட்டு, கிட் கிரெப் காட்டிய ஃபைல்களின் .ஓ பெயர்களை மட்டும் மேக்குக்குக் கொடுங்கள். மேக் பாதியில் நின்றாலும் திரும்ப ஓட்டினால் முடிந்தவற்றை விட்டுவிட்டுத் தொடரும். சிகேஷ் (கம்பைல் ஆனதைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கும் கருவி) போட்டு வைத்தால் கிளைக்குக் கிளை மாறும்போது நேரம் மிஞ்சும்.

பிறகு ‘கிட் ரிபேஸ் எக்ஸெக்’ கொடுத்து ஒவ்வொரு கமிட்டிலும் அந்தப் பில்டை ஓட்டுங்கள். கடைசி கமிட்டில் மட்டும் சரியாக இருந்தால் போதாது. நடுவில் ஒன்று உடைந்திருந்தால் பிறகு பைசெக்ட் செய்பவர் (பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று பாதி பாதியாகத் தேடுபவர்) அங்கே மாட்டிக்கொள்வார். மீதி ஆர்க்கிடெக்சர்களை கெர்னல் டெஸ்ட் ரோபோ பார்த்துக்கொள்ளும். உடைந்தால் கான்ஃபிக்கோடு மெயில் வரும்.

தஞ்சாவூர்: நாற்பது டிரைவர் தொடும் ஹெடர் மாற்றம். எப்போது அனுப்புவது?

முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரிதான். மெர்ஜ் விண்டோ (புது மாற்றங்களை மெயின்லைனில் சேர்க்கும் காலம்) இரண்டு வாரமும் பேசாமல் இருங்கள். அது முடிந்து ஆர்சி1 (முதல் சோதனைப் பதிப்பு) வந்ததும் அதன் மேல் அடுக்கி அனுப்புங்கள். மூன்று படி: புது ஹெடரை உருவாக்கி, பழைய ஹெடரில் அதை இன்க்ளூட் செய்யும் ஒரு வரி மட்டும் மிச்சம் வைப்பது முதல் பேட்ச். சப்சிஸ்டம் வாரியாக டிரைவர்களை மாற்றுவது நடுவில். பழைய ஹெடரை நீக்குவது கடைசி, அதுவும் அடுத்த சுற்றில். இடைப்பட்ட நாளில் யாராவது பழைய பெயரில் புது டிரைவர் சேர்த்திருப்பார்கள், நீக்கும் முன் லினக்ஸ்-நெக்ஸ்ட்டில் (அடுத்த சுற்றுக்கான மாற்றங்கள் சேரும் மரத்தில்) ஒரு தடவை தேடிவிடுங்கள்.

அந்தக் கடைசி படியை மறக்கவே கூடாது. டிவைஸ் ட்ரீக்கான ஆஃப்_டிவைஸ்.எச், ஆஃப்_பிளாட்ஃபார்ம்.எச் இரண்டும் ஒன்றையொன்று ‘தற்காலிகமாக’ இன்க்ளூட் செய்துகொண்டன. அந்தத் தற்காலிகம் 13 வருடம் நீடித்தது. 2023-இல் டிவைஸ் ட்ரீ பராமரிப்பாளர் ராப் ஹெர்ரிங் மரம் முழுக்க டிரைவர் டிரைவராகத் திருத்த வேண்டியிருந்தது.

திருச்சி: மெயின்லைனில் இல்லாத டிரைவர் எங்களுடையது. 6.12-க்குப் போனதும் ஏஎஸ்எம்/அன்அலைன்டு.எச் காணோம் என்கிறது.

லினக்ஸ்/அன்அலைன்டு.எச் என்று மாற்றுங்கள், 6.12-இல் அது இடம் மாறிவிட்டது. பழைய கெர்னலிலும் ஓட வேண்டுமென்றால் பதிப்பு எண்ணைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். போர்டு விற்பவர்கள் புதுக் கெர்னலின் துண்டுகளைப் பழையதில் ஒட்டிக் கொடுப்பார்கள், எண் பொய் சொல்லும். ‘ஹேஸ்_இன்க்ளூட்’ வைத்துப் புது ஹெடர் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அது, இல்லையென்றால் பழையது. ஐந்து வரி. அதை .சி ஃபைல்தோறும் எழுதாமல், டிரைவர் டைரக்டரியில் ஒரே ஒரு காம்பாட்.எச் வைத்து அதற்குள் போட்டுவிடுங்கள்.